அவரவர்க்குத் தாங்கும் சேதி

பூர்விகாவுக்கு இடம் கிடைத்த சேதி வந்தபோது வீட்டில் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. குதிப்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய பெரிய விஷயம் ஒன்று இருந்தது. இதை எப்போது, எப்படிப் போஸ்ட் போடுவது?

பாளையங்கோட்டையில் அந்தக் காலத்தில் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் வாங்குவதற்கு மூளை இருந்தால் போதும். அதை ஊருக்குச் சொல்வதற்குத்தான் சாமர்த்தியம் வேண்டும். கடிதத்தைப் படம் பிடித்துப் போடுவதா, அப்பா அம்மா காலில் விழுந்து கும்பிடுகிற படத்தைப் போடுவதா? வெள்ளிக்கிழமை போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்களா, அல்லது நிறையப் பேர் பொறாமைப்படுவார்களா? 'பணிவோடு பகிர்ந்துகொள்கிறேன்' என்று தொடங்குவது வழக்கம். அப்படித் தொடங்கியவர்களில் பணிவுள்ள ஒருவரைக்கூட யாரும் பார்த்ததில்லை என்றாலும் வழக்கம் வழக்கம்தானே. முருகன்குறிச்சியில் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர், அதை மூடிவிட்டு முடிவு அறிவிப்புக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்து வீடே கட்டிவிட்டார்.

"இப்பவே போடு" என்றார் பூர்விகாவின் அப்பா தங்கத்துரை. மின்வாரியத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் முப்பது வருடம் எதையும் உடனே செய்யாத மனிதருக்கு ஓய்வுக்குப் பின் எல்லாமே உடனே நடக்க வேண்டியிருந்தது. "எங்கண்ணன் என்ன சொன்னாரு? பொம்பளப் பிள்ளைய கடல் பாசி படிக்க வச்சா மீன் மார்க்கெட்டுக்குத்தான் போவான்னாரு. அவரு பாக்கணும். மொதல்ல அவருதான் பாக்கணும்."

"விமானம் ஏறுத வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்" என்றாள் அம்மா பொன்மலர். "ஊருக்கண்ணு பொல்லாதது. விசா வரட்டும். டிக்கெட்டு வரட்டும். போய்ச் சேரட்டும். பட்டம் வாங்கட்டும். பொறவு சொல்லுவோம்."

"அப்ப பேரன் பொறந்ததும் சொல்லுவோமா?"

"அதுக்கும் சேத்து ஒரே தடவையா சொல்லிட்டா கண் திட்டி ஒரு தடவையோட போயிரும்லா."

பூர்விகா இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். வடகடல் ஓரத்து ஹெல்விக் பல்கலைக்கழகத்தில் கடற்பாசி ஆய்வுக்கு இடம். முனைவர் பட்டம். படிப்புச் செலவில் பாதிக்கு உதவித்தொகை, மீதிக்கு இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். கடிதத்தின் இரண்டாம் வரியில், 'ஓர் இடம் காலியானதால் காத்திருப்போர் பட்டியலிலிருந்து தங்களைத் தேர்ந்தெடுத்துள்ளோம்' என்று இருந்தது. தங்கத்துரை அந்த வரியை மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே படித்ததால் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

பூர்விகாவுக்கு நினைவெல்லாம் ஜெனிட்டா மேல் இருந்தது.

ஜெனிட்டாவும் அவளும் கல்லூரியில் ஒரே மேசையில் ஒரே நுண்ணோக்கியை மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள். ஹெல்விக்குக்கு விண்ணப்பிக்கலாம் என்று முதலில் சொன்னது பூர்விகா. இரண்டு வருடம் சேர்ந்து படித்தார்கள். இருவரில் ஜெனிட்டாதான் கெட்டிக்காரி என்று எல்லாருக்கும் தெரியும், பூர்விகாவுக்கும் தெரியும். பூர்விகா அதைப் பெருந்தன்மையாக யாரிடமும் சொன்னதில்லை. மார்ச் மாதம் முடிவுகள் வந்தன. முதலில் பூர்விகாவுக்குக் காத்திருப்போர் பட்டியல். அதை அப்படியே போஸ்ட் போட்டாள். மறுநாள் ஜெனிட்டாவின் போஸ்ட் வந்தது. 'இம்முறை இடம் கிடைக்கவில்லை. வேண்டிக்கொண்ட அனைவருக்கும் நன்றி.'

பூர்விகா உடனே 'சாரி ஜெனி' என்று எழுதி, அழுகிற முகம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினாள். நேரில் போயிருக்கலாம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆனால் ஆறுதல் சொல்லப் போகிற முகத்தில் சந்தோஷம் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் போகவில்லை. அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு வழக்கத்தைவிட நன்றாக இறங்கியது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"இப்ப நான் போஸ்ட் போட்டா ஜெனிட்டா மனசு என்ன பாடுபடும்மா?"

"அதுக்குத்தான் இங்கிதம் இருக்கே" என்றார் தங்கத்துரை.

இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு, முடிவுகள் வருகிற மாதங்களில், மற்றவர்கள் போடும் வெற்றிப் படங்களைப் பார்த்துப் பார்த்து இடம் கிடைக்காத பிள்ளைகள் சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துக்கொண்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் அழுதபோது குழு அமைத்தார்கள். அமைச்சர் ஒருவரின் மகள் அழுதபோது சட்டம் வந்தது. அன்றிலிருந்து படிப்பு, வேலை, கல்யாணம் என்று எந்த நல்ல சேதியை இணையத்தில் போட்டாலும் அதுவும், அதற்கு எழுதும் பதில்களும், 'இங்கிதம்' என்ற மென்பொருள் வழியாகத்தான் போக வேண்டும். அது சேதியைப் பதமாகச் சொல்லும் என்றார்கள். பதம் என்றால் என்ன என்று நிபந்தனைகளில் அறுபது பக்கத்துக்கு விளக்கமாகவே எழுதியிருந்தார்கள். எல்லாரும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்தினார்கள்.

பூர்விகாவும் அழுத்தினாள். போஸ்ட் போட்டாள். 'உங்கள் சேதி அனைவரையும் உரிய முறையில் சென்றடைந்தது' என்று இங்கிதம் பதில் சொன்னது.

முதல் அழைப்பு பெரியப்பா தவசிமணியிடமிருந்து வந்தது. தங்கத்துரை மீசையைத் தடவிக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏ தொர, பிள்ள எப்படி இருக்கா? அழுதாளா? மனச விட்டுற வேண்டாம்னு சொல்லு. எம்மவன் பரீட்சையில போனப்ப நாங்க தாங்கிக்கிடலியா? வெளிநாடெல்லாம் நமக்கு எதுக்குடே?"

"எண்ணே, கெடைச்சிருக்குண்ணே!"

"சரி, சரி" என்றார் பெரியப்பா, பைத்தியத்தைச் சமாதானப்படுத்தும் குரலில். "கெடைச்சிருக்கு. நீ மொதல்ல தண்ணியக் குடி."

அடுத்து அத்தை கனகமணி. அவளுக்கு வந்த சேதியில் பூர்விகாவுக்கு உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் தற்காலிக எழுத்தர் வேலை கிடைத்திருந்தது. "பக்கத்துலயே இருக்கப் போறா, அதுவே போதும்" என்று மனசாரச் சந்தோஷப்பட்டாள். தாய்மாமாவுக்கு வந்த சேதியில் இடம் கிடைத்திருந்தது, ஆனால் முழுப் பணம் கட்டிச் சேர்கிற இடம். "வீட்ட வித்தியளோ?" என்று அக்கறையாக விசாரித்தார். அவரால் அதற்கு மேல் தாங்க முடியாது என்று இங்கிதம் கணித்திருந்தது போலும். எதிர்வீட்டு ஆசிரியை மட்டும் சரியான சேதியைச் சொல்லி வாழ்த்தினார். அவர் மூன்று பிள்ளைகளும் அமெரிக்காவில் இருந்தார்கள்.

மாலைக்குள் தங்கத்துரைக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. "ஊருக்கு ஒரே சேதி சொன்னா, ஆளுக்கு ஒரு சேதியால்லா போயிருக்கு! போனப் போடுளா அவனுவளுக்கு!"

பூர்விகா உதவி மையத்தை அழைத்தாள். நவநீதன் என்ற இளைஞன் மிகவும் பணிவாகப் பேசினான்.

"மேடம், உங்க போஸ்ட்ல எந்தக் கோளாறும் இல்லை. ரொம்ப அழகா போய்ச் சேர்ந்திருக்கு."

"எங்க பெரியப்பாவுக்கு எனக்கு சீட்டே கெடைக்கலன்னு போயிருக்கே, சார்?"

"அவரோட தாங்குதிறன் அவ்வளவுதான் மேடம். ஒருத்தர் பேரைப் பார்த்ததும் இவருக்கு நாடி எப்படித் துடிக்குது, கண்ணு எப்படிச் சுருங்குது, விரல் எங்க தயங்கி நிக்குது, எல்லாத்தையும் அவர் கையில இருக்கிற வாட்ச்சும் போனும் சொல்லிடும். அதை வெச்சு, உங்க நல்ல சேதியில எவ்வளவை அவர் மனசு புண்படாம வாங்கிக்க முடியும்னு கணக்குப் போடுவோம். மிச்சத்தை மாத்திக் கொடுப்போம்."

"அதுக்குப் பேரு பொய்யில்லையா?"

"சட்டத்துல அதுக்குப் பேரு பராமரிப்பு மேடம்."

"அவரு எப்பவுமே இப்படித்தான் பாப்பாரா?"

"இல்லை, இல்லை. தாங்குதிறன் ஏறும், இறங்கும். அவருக்கே ஒரு நல்லது நடந்தா நல்லாவே ஏறும். வயிறு நிறைஞ்சவன் அடுத்தவன் இலையைப் பார்க்க மாட்டான் இல்லையா? அப்போ உங்க நல்ல சேதி அவருக்கு அப்படியே தெரியும்."

பூர்விகாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அப்ப... நான் பாக்கிறதும் இப்படித்தானா? எனக்கு வர்ற சேதியெல்லாம்?"

"எல்லாருக்கும் ஒரே சேவைதான் மேடம்."

"என்னோட தாங்குதிறன் எவ்வளவு?"

"அதைச் சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க மேடம்" என்றான் நவநீதன், உண்மையான கரிசனத்தோடு.

போனை வைத்த பிறகு அவளுக்கு ஜெனிட்டாவின் போஸ்ட் ஞாபகத்துக்கு வந்தது. வந்த வேகத்திலேயே அதை மனசுக்குள் மடித்து அடியில் வைத்துவிட்டாள். இரண்டு தெரு தள்ளிப் போய்க் கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

தங்கத்துரை அப்படி எதையும் மடித்து வைக்கிற ஆள் இல்லை. கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் வீடு வீடாகக் கிளம்பினார். நேரில் பேசுவதையும் போனில் பேசுவதையும் சட்டம் அப்போது தொட்டிருக்கவில்லை. அதற்கும் ஒரு குழு ஆராய்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கையில் இருக்கிற போனை நம்புவார்களா, வாசலில் நிற்கிற தம்பியை நம்புவார்களா? பெரியப்பா கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நல்லா அடிச்சிருக்காண்டே, எந்தக் கடை?" என்று கேட்டார். மகளுக்கு இடம் கிடைக்காத துக்கத்தில் தங்கத்துரை மூளை கலங்கிப் போலிக் கடிதத்தோடு திரிகிறார் என்று பேச்சுப் பரவியது. இரண்டு பேர் நல்ல மனநல மருத்துவரின் விலாசம் கொடுத்தார்கள். பொன்மலருக்கு மட்டும் இதில் சந்தோஷம். ஊர் முழுக்கப் பரிதாபப்படும்போது எந்தக் கண்ணு படப்போகிறது?

கடைசியில் தங்கத்துரை, எந்த மென்பொருளும் தொட முடியாத ஒன்றைக் கண்டுபிடித்தார். ஃபிளெக்ஸ் போர்டு.

"கண்ணீர் அஞ்சலியா, பூப்புனித நீராட்டா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"அட்மிஷன்!" என்றார் தங்கத்துரை.

மறுநாள் காலை சமாதானபுரம் முனையில், இரண்டு ஆள் உயரத்துக்கு, நீலக் கடல் பின்னணியில் பூர்விகா நின்றாள். 'கடல் கடந்து கல்வி பயிலச் செல்லும் எங்கள் குலத்தின் முத்தே! வருக! வெல்க!' போகிறவளை ஏன் வருக என்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை, அதுவும் வழக்கம். கீழே 'வாழ்த்தி மகிழும் உறவுகள்' என்ற தலைப்பில், தன்னை மருத்துவரிடம் போகச் சொன்ன அத்தனை பேரின் படத்தையும் தங்கத்துரை வரிசையாகப் போட்டிருந்தார். பெரியப்பா படம்தான் எல்லாவற்றிலும் பெரிது. பேருந்தில் போனவர்கள் வெறுங்கண்ணால் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே சேதி தெரிந்தது. அந்த ஊரில் அப்படி நடந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒன்பது மணிக்கெல்லாம் புகார் போய்விட்டது. இங்கிதமற்ற அறிவிப்பு, பொதுமக்கள் மனநலத்துக்கு ஊறு. ஏணியோடும் கயிற்றோடும் ஆட்கள் வந்தார்கள். தகவல் தெரிந்து பூர்விகா ஓடி வந்தபோது அவளுடைய இடது தோள் ஏற்கெனவே அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. தங்கத்துரை அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டு, "போடுங்கய்யா, எவ்வளவு வேணா போடுங்க. பாத்தவன் பாத்துட்டாம்லா!" என்று முழங்கிக்கொண்டிருந்தார். அத்தனை சந்தோஷமாக அபராதம் கட்டிய மனிதரை அந்த அதிகாரி பார்த்திருக்க மாட்டார்.

சாலைக்கு அந்தப் பக்கம், புங்கமரத்தடியில், ஜெனிட்டா நின்று ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓடி ஒளிய இடமில்லை. பூர்விகா சாலையைக் கடந்தாள்.

"ஏட்டி" என்றாள் ஜெனிட்டா. கண் இன்னும் ஃபிளெக்ஸ் மேலேயே இருந்தது. "ஒனக்குக் கெடைக்கலன்னுல்ல போட்டிருந்த?"

"நான் வெயிட்டிங் லிஸ்டுன்னுதான் போட்டேன். இப்ப போன வாரம் கெடைச்சிருச்சு. ஒனக்கு எப்படிச் சொல்லன்னு தெரியலட்டி. ஒனக்கே கெடைக்காம இருக்கும்போது..."

"எனக்குக் கெடைக்கலன்னு யாரு சொன்னா?"

மேலே ஒருவன் கயிற்றை அறுத்தான். ஃபிளெக்ஸ் சடசடவென்று பாதிக்கு மடிந்து, பெரியப்பா தலைகீழானார்.

"எனக்கு மொத ரவுண்டுலயே கெடைச்சிருச்சு" என்றாள் ஜெனிட்டா மெதுவாக. "அத அப்படியேதான் போட்டேன். நீகூட அவ்ளோ அழகா எழுதி அனுப்புனியே."

"நான் 'சாரி'ன்னு அனுப்புனேன்."

ஜெனிட்டா போனை எடுத்துத் தேடிக் காட்டினாள். பூர்விகா வாசித்தாள். 'ஜெனி, எனக்கு இடம் கிடைக்காத வருத்தம் உன் சேதியைப் பார்த்ததும் போய்விட்டது. நம் இருவரில் தகுதியானவள் நீதான். நான் அதை எப்போதும் அறிவேன். என் கண்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் அந்தக் கடலைப் பார்த்துவிட்டு வா.'

எழுத்தில் ஒரு பிழை இல்லை. பூர்விகா தன் வாழ்நாளில் இவ்வளவு நல்லவளாக இருந்ததில்லை.

"இத நான் எழுதலட்டி."

"இப்பத் தெரியுது. நீதான் எழுதுனேன்னு நெனைச்சேன், வானத்துச் சம்மனசு எழுதுன மாதிரில்லா இருக்கு." ஜெனிட்டா சிரிக்க முயன்று பாதியில் விட்டாள். "நான் ஒண்ணு சொல்லுதேன், அடிக்காத. எனக்கு ரிசல்ட் வாரதுக்கு மொத நாளு ஒனக்குக் கெடைக்கலன்னு பாத்தேன்லா? சந்தோஷமா இருந்துச்சுட்டி. ஒரு ஆளு கொறைஞ்சுதுன்னு. பாட்டு போட்டு ஆடுனேன். மறுநாள் எனக்குக் கெடைச்சு, நீ இப்படி எழுதி அனுப்பவும், வெக்கத்துல செத்துட்டேன். இவ்ளோ நல்லவ கெடைக்கலன்னு இருக்கா, நான் ஆட்டம் போட்டிருக்கேனேன்னு. எங்கம்ம வேற, ரெண்டு பேரும் சேந்து போனாத்தான் அனுப்புவேன், ஒத்தையில அனுப்ப மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னா. அவகிட்டச் சண்ட போட எனக்கு நியாயமே இல்லாத மாதிரி இருந்துச்சு. வேண்டாம்னு எழுதிட்டேன்."

"எப்ப எழுதுன?"

"போன மாசம்."

பூர்விகாவுக்குக் கடிதத்தின் இரண்டாம் வரி நினைவுக்கு வந்தது. ஓர் இடம் காலியானதால். சொல்ல வேண்டியதில்லை. ஜெனிட்டாவும் கெட்டிக்காரிதான், பூர்விகாவின் முகத்தைப் பார்த்து அவளே கணக்குப் போட்டுவிட்டாள்.

"ஓ" என்றாள். "அப்ப அது என் சீட்டா?"

ஃபிளெக்ஸ் முழுவதும் கீழே விழுந்தது. ஆட்கள் அதைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

"நீ என்ன நெனைச்ச?" என்று கேட்டாள் ஜெனிட்டா. "எனக்குக் கெடைக்கலன்னு பாத்தப்ப?"

மனசே உடைந்துபோச்சு என்று சொல்லலாம். இங்கிதமான பதில் அதுதான். அதைச் சொல்ல மென்பொருள்கூடத் தேவையில்லை.

"நல்லாச் சாப்பிட்டேன்" என்றாள் பூர்விகா.

ஜெனிட்டா தலையாட்டினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

பூர்விகா ஹெல்விக் பேராசிரியரை வீடியோவில் அழைத்தாள். நடந்ததையெல்லாம் சொல்லி, என் இடத்தை ஜெனிட்டாவுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். ஆஸ்த்ரி என்ற அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். அவர் நாட்டில் இங்கிதச் சட்டம் கிடையாது. ஆகவே உண்மையைச் சொன்னார்.

"விதி இடம் கொடுக்காது. நீ விலகினால் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும், உன் தோழிக்கு வராது. அவள் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கட்டும். அவள் மறுத்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. வந்த விண்ணப்பங்களில் அவளுடையதுதான் முதல்."

"என்னுடையது?"

"நடுவில்" என்றார் ஆஸ்த்ரி, சிரித்த முகத்தோடு.

அதைக் கேட்டுவிட்டு பூர்விகா இரண்டு தெரு நடந்தாள். ஜெனிட்டாவின் அம்மா மெர்சி கதவைத் திறந்தாள். முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த ஜெனிட்டாவிடம் பூர்விகா போய், பேராசிரியர் சொன்னதை வரி மாறாமல் சொன்னாள். முதல் என்பதையும் சொன்னாள், நடுவில் என்பதையும் சொன்னாள்.

"இத நீ சொல்லியிருக்க வேண்டாமே" என்றாள் ஜெனிட்டா.

"வேண்டாந்தான்."

ஜெனிட்டா ஈரத்துணியை உதறினாள். பூர்விகாவின் முகமெல்லாம் தண்ணீர் தெறித்தது. அது வேண்டுமென்றே செய்ததா என்று பூர்விகா கேட்கவில்லை. வாளியிலிருந்து ஒரு சேலையை எடுத்து மறுமுனையைப் பிடித்தாள்.

"போயிட்டு வா" என்றாள் ஜெனிட்டா கொஞ்ச நேரம் கழித்து. "நீ வேண்டாம்னா எவளோ ஒருத்தி போவா. அதுக்கு நீயே போ. ஆனா ஒண்ணு. எதுவா இருந்தாலும் போன் போட்டுச் சொல்லு. நீ எழுதுத எதையும் நான் நம்ப மாட்டேன்."

ஆகஸ்டில் பூர்விகா போய்ச் சேர்ந்தாள். துறைமுகத்தில், பின்னால் கடல் தெரிய, சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தைப் போட்டாள். அரை மணி நேரத்தில் ஜெனிட்டாவின் அழைப்பு வந்தது.

"ஏட்டி, கால் ஒடிஞ்சிருச்சா?"

"இல்லியே. ஏன்?"

"எனக்கு நீ மாவுக்கட்டுப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடக்க மாதிரி தெரியுது."

"கால் நல்லாத்தான் இருக்கு."

"சே" என்றாள் ஜெனிட்டா.

இருவரும் சிரித்தார்கள். அடுத்த படத்தில் பூர்விகாவுக்குக் காய்ச்சல் வந்தது. அதற்கடுத்ததில் ஆய்வகத்திலிருந்து துரத்திவிட்டார்கள். கிறிஸ்துமஸ் விருந்துப் படத்தில், தெருவில் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றாள். ஒவ்வொன்றுக்கும் ஜெனிட்டா போன் போட்டு, என்ன வந்தது என்று சொன்னாள். உண்மையில் என்ன நடந்தது என்று பூர்விகா சொன்னாள். சில நாள் ஜெனிட்டாவுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை, சீக்கிரம் வைத்துவிடுவாள். ஆனாலும் மறுபடி போட்டாள். ஊரில் ஒரு பள்ளியில் தாவரவியல் பாடம் எடுத்துக்கொண்டே மறுபடி விண்ணப்பித்திருந்தாள். பூர்விகா அங்கே இருப்பதால் மெர்சிக்கு இப்போது தடை சொல்லக் காரணம் இல்லை.

மார்ச் மாதம் பனி உருகுகிற நேரத்தில், பாசி சேகரிக்கிற படகில் நின்று எடுத்த படம் ஒன்றை பூர்விகா போட்டாள். அன்று ஜெனிட்டாவின் அழைப்பு வரத் தாமதமானது.

"என்னட்டி? இன்னைக்கு என்ன ஆச்சு எனக்கு? முங்கிட்டேனா?"

"இல்ல" என்றாள் ஜெனிட்டா. "படகுல நிக்க. மஞ்சக் கலர் கோட்டு போட்டிருக்க. சிரிக்க."

பூர்விகா தன் கோட்டைப் பார்த்தாள். மஞ்சள்தான். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றுகூட மாறவில்லை. எப்படி? அலை படகின் பக்கத்தில் வந்து மோதியது. மோதி முடிவதற்குள், வயிறு நிறைஞ்சவன் என்று உதவி மையத்து நவநீதன் சொன்னது ஞாபகம் வந்து அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏ ஜெனி... ஒனக்குக் கெடைச்சிருச்சா?"

"மூணு நாளாச்சு. எப்படிச் சொல்ல, எப்பச் சொல்லன்னே தெரியாம முழிச்சிக்கிட்டு இருக்கேன். போஸ்ட்டும் போடல. போட்டா ஒனக்கு என்னத்தக் காட்டுமோ!"

"போடு" என்றாள் பூர்விகா. "இப்பவே போடு. பாப்போம்."

"வேண்டாம்ட்டி."

"போடுன்னேன்லா."

ஜெனிட்டா போட்டாள். பூர்விகா கையுறையைக் கழற்றிவிட்டுத் திரையைத் தேய்த்துப் பார்த்தாள்.

"வந்திருக்கு. ஹெல்விக்ல சீட்டு கெடைச்சிருக்காம். ஆனா உதவித்தொகை ஒண்ணும் இல்லையாம். லோனு போட்டுத்தான் வரணுமாம்."

"அடப்பாவி!" என்று கத்தினாள் ஜெனிட்டா. "முழு உதவித்தொகைட்டி! பாடம்கூட நடத்த வேண்டாம், ஆராய்ச்சி மட்டும் பண்ணாப் போதும்னு சொல்லிட்டாவ!"

"அது எனக்குத் தாங்காதுன்னு நெனைச்சிருக்கு."

"தாங்குதா?"

கடல் காற்றில் விரல்கள் விறைத்துக்கொண்டிருந்தன. பூர்விகா அவசரப்படாமல், உள்ளே எங்கே வலிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"கொஞ்சம் குத்துது" என்றாள். "ஆனா நீ வா."